கீரைப் பாத்தியில் போட்ட நாற்காலிகள்

எங்கள் நகர் நலச் சங்கத்தில் நான் துணைச் செயலாளர். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். நிர்வாகக் குழுவில் ஒரு பெண்ணாவது இருந்தால் நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நம்ம டீச்சர் இருக்காங்களே, ரிட்டயர் ஆயிட்டு சும்மாதானே இருக்காங்க" என்று என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். சும்மா இருக்கிறேனாம்! காலமெல்லாம் மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் சொல்லிக் கொடுத்துத் தொண்டை வறண்டவளைப் பார்த்துச் சும்மா இருக்கிறாள் என்றால் எனக்குச் சுர்ரென்று ஏறும். ஆனாலும் பதவியை வேண்டாம் என்று சொல்லவில்லை. கூட்டத்தில் வாய் திறக்க ஓர் இடம் கிடைக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

ஆவடியிலிருந்து முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் போகும்போது வருகிற நகர் எங்களுடையது. எங்களில் பாதிப் பேர் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் கிடைத்த பணத்தில் மனை வாங்கி வீடு கட்டியவர்கள். நாங்கள் மதுரைப் பக்கம், எதிர்வீடு சேலம், பக்கத்து வீடு நாகர்கோவில். பிற்பாடு அடுக்குமாடிகள் வந்தன. அவற்றில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள் குடிவந்தார்கள். நகருக்குப் பின்னால், ஏரிக்கரைக்குக் கீழே, ஒரு பெரிய நிலம் இருந்தது. அரசாங்க நிலம். அதில் ஏழெட்டுக் குடும்பங்கள் வெகுகாலமாகக் கீரை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் குடும்பங்களில் ஒருத்தியிடம்தான் எனக்குப் பழக்கம். என்னைவிடப் பத்து வயது இளையவள் இருப்பாள். காலையில் நடக்கப் போகும்போது கீரை வாங்குவேன். அவள் பேசிக்கொண்டே பிடுங்குவாள், நான் பேசிக்கொண்டே நிற்பேன், வீட்டில் காபிக்கு ஒருவர் காத்திருப்பார். "கீரை வாங்கப் போனியா, வெதச்சு வளத்து எடுத்துட்டு வரப் போனியா?" என்று என் கணவர் கேட்காத நாள் கிடையாது.

கீரை வேலைக்கு ஒரு வழக்கம் உண்டு. வெயில் படுவதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். வெயில் பட்டால் கீரை துவண்டுவிடும், துவண்டதை எந்தக் கடைக்காரனும் தொடமாட்டான். அதனால் கருக்கலிலேயே பெண்கள் வந்துவிடுவார்கள். நைட்டிக்கு மேல் ஆம்பளைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, வாழைநாரில் கட்டி, வாய்க்கால் தண்ணீரில் முக்கி எடுத்து அடுக்குவார்கள். லோடு ஆட்டோ வரும். சைக்கிளில் விற்பவர்கள் வருவார்கள். கூடைக்காரப் பெண்கள் வந்து முதல் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். ஒரே கூச்சல், ஒரே சிரிப்பு. ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள், ஈக்குஞ்சு இருக்காது. பிடுங்கிய பாத்திகளில் ஈர மண்தான் தெரியும்.

அந்தப் பெண்கள் எல்லாரும் பக்கத்துத் தெருக்காரர்கள். கீரைக் கூலி கையில் வந்த ஒரு மணி நேரத்தில் அது எங்கள் ரோட்டு மளிகைக் கடைக்கும், மாவுக் கடைக்கும், டியூஷன் டீச்சருக்கும் போய்விடும். நார் விற்கிறவன், சாணம் கொடுக்கிற மாட்டுக்காரன், மோட்டார் ரிப்பேர் செய்கிறவன், கருக்கலில் கடை திறக்கிற டீக்கடைக்காரர், எல்லார் அடுப்பும் அந்தக் கீரையால்தான் எரிந்தது. இதை வகுப்பில் எத்தனையோ முறை பலகையில் வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறேன். இங்கே வட்டம் என் கண்ணெதிரே சுற்றியது.

இந்த நிலத்தில்தான் பூங்கா வேண்டும் என்று சங்கத்தில் பேச்சு வந்தது. நடைபாதை, ஷட்டில் கோர்ட், விசேஷங்களுக்கு ஒரு சின்ன மண்டபம். கவுன்சிலர் நிதி வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டார். நலச் சங்கமும் வணிகர் சங்கமும் ஒரு தீர்மானம் போட்டுக் கொடுத்தால் போதும், வேலை நகரும். அதாவது எங்கள் கையெழுத்து விழுந்தால் என் கீரைக்காரியும் மற்றவர்களும் காலி செய்ய வேண்டும். அவர்களுக்குப் போக வேறு இடம் கிடையாது, அரசாங்க நிலம் என்பதால் கேட்க வாயும் கிடையாது.

"அது வெறும் தரிசு டீச்சர். ரெக்கார்டுல அப்படித்தான் இருக்கு" என்றார் சங்கத் தலைவர். தொழிற்சாலையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசமாட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"ரெக்கார்டுல இருக்கறது இருக்கட்டும் சார். நீங்க போய்ப் பாத்திருக்கீங்களா?"

"மாடியிலேர்ந்து தெரியுமே."

"மாடியிலேர்ந்து பாத்தா பச்சையாத்தான் தெரியும். எத்தனை குடும்பம் சாப்பிடுதுன்னா தெரியும்?"

வணிகர் சங்கத் தலைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எங்கள் ரோட்டின் பெரிய மளிகைக் கடை அவருடையது. அவர் பக்கம் திரும்பினேன். "அண்ணாச்சி, உங்க கடைக்குக் காலையில வர்ற கூட்டம் யாரு? கம்ப்யூட்டர் கம்பெனிக்காரங்க போன்ல தட்டிச் சாமான் வாங்கிக்கிறாங்க. அரிசியும் எண்ணெயும் தினம் வந்து வாங்கறது கீரைப் பொம்பளைங்கதான். கீரைக் கொல்லையை மூடினா உங்க கல்லாவுலயும் பாதி மூடும்."

அவர் யோசித்தார். அந்த யோசனையைப் பார்த்ததும் எனக்குள் பழைய டீச்சர் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "தீர்மானத்துக்கு முன்னாடி ஒரு தடவை எல்லாரும் வந்து பாருங்க. கவுன்சிலரையும் கூப்பிடுவோம். காலைல ஆறு மணிக்கு வாங்க. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். கண்ணால பாருங்க, போதும்" என்றேன். அடுத்த ஞாயிறு என்று முடிவாயிற்று. நான் ஜெயித்துவிட்ட மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் கீரைக்காரியிடம் சொன்னேன். கவுன்சிலர் வருகிறார் என்றதும் கையிலிருந்த கீரைக்கட்டை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

"இன்னா டீச்சரம்மா சொல்ற? நம்ப கொல்லிக்கா வராரு?"

"ஆமா. சங்கத் தலைவர், மளிகைக்கடை அண்ணாச்சி எல்லாரும் வர்றாங்க. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். தினம் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும். பொம்பளைங்க பிடுங்கட்டும், ஆட்டோ நிக்கட்டும். அதைப் பாக்கத்தான் வர்றாங்க."

"அப்படியேவா?" என்று அவள் தன் புருஷனைப் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"அப்படியே. சேறு இருந்தா இருக்கட்டும்."

"சரிம்மா" என்றாள். அந்தச் சரிம்மாவை நான் நம்பினேன். வகுப்பில் எத்தனை பிள்ளைகள் புரிந்ததா என்றால் புரிந்தது டீச்சர் என்று தலையாட்டியிருப்பார்கள்! இத்தனை வயதுக்கு எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கே கிளம்பிப் போனேன். கூச்சல் இல்லை. ஆட்டோ சத்தம் இல்லை. கிட்டே போனால் நீலமும் வெள்ளையுமாக ஒரு ஷாமியானா நிற்கிறது. வாடகை பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக. நாற்காலி போட்டிருந்த இடம் முந்தின நாள் வரை முளைக்கீரை நின்ற பாத்தி. முன்பக்கத்துப் பாத்திகள் ஒன்று விடாமல் பிடுங்கி, வரப்பைக் கொத்தித் தள்ளி, மண்வெட்டியால் நிரவி, சாணம் தெளித்து, அவ்வளவு பெரிய கோலம் போட்டிருந்தாள். இன்னும் விரல் நீளம்கூட வளராத கொத்தமல்லியையும் விட்டுவைக்கவில்லை.

"ஐயோ, என்னம்மா பண்ணி வெச்சிருக்க?"

அவள் முகமெல்லாம் சிரிப்பு. பட்டு இல்லை, ஆனால் நல்ல புடவை. தலை நிறையப் பூ. "எப்டி கீது டீச்சரம்மா? ராவெல்லாம் எல்லாரும் சேந்து பண்ணோம். பெரிய மனுசங்க சேத்துல காலை வெக்கலாமா? ஊட்டுக்கு ஒருத்தர் வந்தாலே பெருக்கி வெக்கிறோம்."

"வேலை செய்யற பொம்பளைங்க எங்க?"

"அதுங்களையும் மத்த கொல்லிக்காரங்களையும் ஊட்டாண்ட இருக்க சொல்ட்டேன். ஈர நைட்டியோட நின்னுகினு கீறத கவுன்சிலர் பாத்தா இன்னா நெனைப்பாரு? ஆட்டோக்காரனையும் இன்னிக்கு வராதன்னு சொல்ட்டேன். இங்க பாரு, ஒவ்வொருத்தருக்கும் ஒரு பை. வெறுங்கையோட அனுப்புவனா?" ஒரு மூலையில் கட்டைப்பைகள் நிறையக் கீரை பிதுங்கிக்கொண்டு நின்றது. மோட்டாரின் மேல்கூட ஒரு பழைய சேலையைப் போட்டு மூடியிருந்தார்கள்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்து என்னவென்று திட்டுவது? ஒரு நாள் வியாபாரத்தை விட்டு, வளராத பயிரை அழித்து, எங்களுக்காக இடத்தைச் சுத்தம் செய்திருக்கிறாள். மரியாதை தெரியாதவளாக இருந்திருந்தால் தப்பித்திருப்பாள்.

ஆறு மணிக்கு யாரும் வரவில்லை. ஏழுக்கும் வரவில்லை. ஒன்பது தாண்டி, கவுன்சிலரின் கார் வந்தது. பின்னாலேயே தலைவரும் அண்ணாச்சியும். அந்த நேரத்தில் ஒரு சைக்கிள் வியாபாரிகூட அங்கே இல்லை. அவள் ஓடிப்போய்ச் சால்வை போட்டாள். அதை எப்போது வாங்கினாளோ! கலர் பாட்டில்கள் வந்தன, தட்டில் பிஸ்கெட் வந்தது. மூவரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கவுன்சிலரோடு வந்தவர் போட்டோ எடுத்தார்.

ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சொன்னவள் மூச்சுவிடாமல் பேசினேன். பின்பக்கத்தைக் காட்டினேன், அங்கே கொஞ்சம் பச்சை இருந்தது. கருக்கலில் வந்தால் எப்படி இருக்கும் என்று சொன்னேன். நார்க்காரன், மாட்டுக்காரன், டீக்கடைக்காரர் என்று ஒவ்வொருவரையும் இழுத்து வந்து அந்த வெறும் மண்ணில் நிறுத்திப் பார்த்தேன். மூவரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். அவர்கள் கண் மட்டும் கோலம் போட்ட தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

தலைவர் அவளிடம் அன்பாகத்தான் கேட்டார். "இதுல என்னம்மா வருது உங்களுக்கு? எத்தனை பேர் வேலை பாக்கறீங்க?"

நான் அவளைப் பார்த்தேன். சொல்லு, நன்றாகச் சொல்லு என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, தலையைக் குனிந்து சொன்னாள். "இதுல இன்னா சார் பெருசா வந்துடப் போவுது. நானும் எங்க ஊட்டுக்காரரும்தான். ஏதோ உங்க புண்ணியத்துல கஞ்சி குடிச்சிகினு கீறோம்."

அவ்வளவுதான். பெரியவர்கள் முன்னால் நன்றாக இருக்கிறோம் என்று யார் சொல்வார்கள்? அது திமிராகிவிடாதா? என் அம்மாவும் அப்படித்தான், நெல் நன்றாக விளைந்த வருடத்திலும் யாராவது கேட்டால் ஏதோ இருக்கு என்பாள். கேட்கிறவருக்கும் அதன் கணக்கு தெரியும் என்பதுதான் அந்தப் பேச்சின் ஒழுங்கு. எங்கள் தலைவருக்கு அது தெரியவில்லை. அவர் வாழ்நாளெல்லாம் தொழிற்சாலையில் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வாங்கிப் பழகியவர். கேட்டதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

"இல்ல சார், சும்மா சொல்றா. முப்பது பொம்பளைங்களுக்கு மேல..." என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"அட இன்னா டீச்சரம்மா, அதுங்க ஏதோ வந்து போவுங்க" என்று அவளே என்னை அடக்கினாள். அரசாங்க நிலத்தில் ஆள் வைத்து வேலை வாங்குகிறாள் என்று கவுன்சிலர் நினைத்துவிடுவாரோ என்று அவளுக்குப் பயம். அந்தப் பயமும் நியாயம்தான்.

கவுன்சிலர் எழுந்து நின்று இடுப்பில் கை வைத்துச் சுற்றிப் பார்த்தார். "எடம் ஷோக்கா கீது. சும்மா மட்டமா, நீட்டா கீது. மண்ணு கொட்டி நெரவுற வேலகூட இல்ல" என்றார். அவள் கேட்டுவிட்டுப் பூரித்துப் போனாள். தன் பெருக்கலைப் புகழ்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். ஆளுக்கு ஒரு பை கீரையை வாங்கிக்கொண்டு மூவரும் கிளம்பினார்கள். அண்ணாச்சி போகும்போது "கீரை நல்ல பிரெஷ்ஷா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வந்தது. நான் கத்தினேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும், பேசினேன் என்றால் பொய். ஆறு மணிக்கு வரச் சொன்னால் ஒன்பது மணிக்கு மேல் வந்தது யார் என்று கேட்டேன். கல்யாணப் பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்து, இங்கே சாப்பாடே போடவில்லை என்று சொல்வீர்களா என்று கேட்டேன்.

தலைவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். "டீச்சர், உங்க மனசு எனக்குப் புரியுது. நீங்க சொன்னீங்கன்னுதான் நாங்க நேர்ல போனோம். நேர்ல பாத்தோம். அந்தம்மாவே சொல்லிட்டாங்க, பெருசா ஒண்ணும் இல்லைன்னு. இதுக்கு மேல நாங்க என்ன பண்ணணும்?" என்றார்.

மாடியிலிருந்து பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் பச்சையாவது தெரிந்தது. தரிசு என்று எழுதியிருந்ததில் அவர்களுக்கே ஒரு சந்தேகம் இருந்தது. அந்தச் சந்தேகத்தில் இன்னும் ஒரு வருடம், இரண்டு வருடம் ஓடியிருக்கும். நான் கூட்டிக்கொண்டு போய் அதைத் தீர்த்து வைத்துவிட்டேன். பேசாமல் இருந்திருக்கலாமே, என் வாய் சும்மா இருந்திருக்கலாமே என்று இன்றைக்கும் பாத்திரம் தேய்க்கும்போது நானாகப் பேசிக்கொள்கிறேன். கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தேன். என் கையெழுத்து இல்லாமலே தீர்மானம் போயிற்று.

வீட்டுக்கு வந்து அழுதேன். என் கணவர் கேலி எதுவும் செய்யவில்லை. "நீ போய்ச் சொல்லிடு. மத்தவங்க வாயால தெரியக் கூடாது" என்றார்.

மறுநாள் போனேன். ஷாமியானா நின்ற இடத்தில் அவள் புதிதாக வரப்பு கட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் வாய்க்காலில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தான். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. தீர்மானம் போட்டுவிட்டார்கள், பூங்கா வரப் போகிறது, காலி செய்யச் சொல்வார்கள் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

அவன் வாய்க்கால் ஓரத்தில் குந்திவிட்டான். அவள் மட்டும் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு நாங்க இன்னாம்மா கொற வெச்சோம்?" என்று கேட்டாள்.

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. "குறை வெக்கல. அதிகமா செஞ்சிட்டீங்க. கீரையைப் பாக்க வந்தவங்களுக்குக் கீரையைப் பிடுங்கிட்டு நாற்காலி போட்டா அவங்க எதைப் பாப்பாங்க? என்ன வருதுன்னு கேட்டா, ஒண்ணும் வரலைன்னா சொல்லுவாங்க? அவங்க அதை அப்படியே எழுதிக்கிட்டாங்க, தெரியுமா?" என்று அவள் மேலேயே கொட்டிவிட்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிற நல்ல மாணவி மாதிரி, ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்கு விஷயம் முழுவதும் விளங்கிவிட்டது. வேலை செய்த காலத்தில்கூட நான் இவ்வளவு தெளிவாகப் பாடம் எடுத்ததில்லை.

"இத்தத்தான் நீ அப்படியே வுட்டு வெய்யின்னு சொன்னியா? எனக்கு வெளங்கலம்மா" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். மண் கை. "அடுத்த தபா அவுங்கள இட்டாரும்போது முன்னாடியே சொல்லு. ஒரு செடிய தொடமாட்டேன். பொம்பளைங்க, ஆட்டோ, அல்லாம் அப்படியே நிக்கட்டும். இன்னா வருதுன்னு கேட்டா, வர்றத வாய தொறந்து சொல்றேன். அவுங்களுக்கு இன்னா கீர புடிக்கும்? இந்தப் பாத்தியில அத்தயே வெதைக்கிறேன்."

அடுத்த தடவை என்று ஒன்று இல்லை என்பதைச் சொல்ல என்னால் முடியவில்லை. முளைக்கீரை என்று சொல்லிவிட்டு வந்தேன்.